ஐரோப்பா, வழி தக்கலை

களியக்காவிளை தாண்டியதும் வெர்னான் கேட்டார்,
டிரைவர், உன் பேர் என்ன?
பிஸ்மார்க் என்றேன்.
சிரித்த சிரிப்பில் ஏசி காற்றே சூடாகிப் போனது.
"அது எங்க பக்கத்து மாநிலத்துத் தலைநகரம்,
பனியில் மாடு விறைத்து நிற்கும்!"
இதை எனக்கு யாரும் சொல்லவில்லை.
அப்பா சரித்திரப் பாடத்தில் மூன்று முறை தோற்றவர்.
தோற்ற பக்கங்களிலிருந்தே எங்களுக்குப் பேர் எடுத்தார்.
நாற்பத்தோரு வருஷமாக
ஜெர்மன்காரன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்,
மாடு சம்பந்தப்பட்டிருப்பது தெரியாமல்.

மகள் கல்யாணம் வியாழக்கிழமை, மார்த்தாண்டத்தில்.
மாப்பிள்ளை பாகோட்டுக்காரன்.
அவனால்தான் ரோம், பாரீஸ், லண்டன் எல்லாம் ரத்து.
டயான் அம்மாவின் மடியில்
டூர்க்காரன் கொடுத்த டைரி,
ஊருக்கொரு பக்கம்,
ஒரு பக்கத்திலும் ஒரு எழுத்து இல்லை.

குழித்துறைப் பாலத்துக்கு இந்தப் பக்கம் டயர் போனது.
பனியனோடு வந்தவனிடம்
"கரிபால்டி, பெட்டென்னு பாரு மக்கா" என்றேன்.
வெர்னான் கதவைத் திறந்துகொண்டு இறங்கிவிட்டார்.
"இத்தாலியையே ஒட்டவைத்த ஆளப்பா இவர்!"
நான் மொழிபெயர்த்தேன்.
கரிபால்டி நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.
"ஒட்டுக்கு நூத்தம்பது. எந்த ஊரா இருந்தாலும்."
டயான் அம்மா ரோம் பக்கத்தில்
அதை அப்படியே எழுதினாள்.

தக்கலையில் வண்டி நகரவில்லை.
டிராபிக் போலீஸ் வெல்லிங்டன்,
என்னோடு எட்டாம் வகுப்பு படித்தவன்,
ஹெல்மெட் இல்லாத ஒருத்தனை ஓரங்கட்டியிருந்தான்.
பின்சீட்டில் அரைச்சாக்கு மரச்சீனிக் கிழங்கு.
ஆள் வேறு யாருமில்லை,
எங்க சித்தப்பா மகன் நெப்போலியன்.

நான் வாயை வைத்துக்கொண்டு
சும்மா இருந்திருக்கலாம்.
சொல்லிவிட்டேன்.
நடுரோட்டில் நின்று வெர்னான்
"வாட்டர்லூ! வாட்டர்லூ!" என்று கத்தினார்,
கண்ணில் நீர் வழிய.
வெல்லிங்டன் என்னை முறைத்தான்.
"சாருக்கு வெள்ளம் வேணும்போல,
ஒரு பாட்டில் வாங்கிக் குடுலே."
இந்தத் தடவையும் நெப்போலியன்தான் தோற்றான்.
ஆயிரம் ரூபாய், ரசீதோடு.

முட்டம் லாட்ஜில்தான்
அசல் ஐரோப்பாவைப் பார்த்தோம்.
பிரான்ஸ்காரி ஒருத்தி, பெல்ஜியத்துப் புருஷன்.
கைகூப்பி
"நான் சாவித்திரி, இவர் ஓம்காரன்" என்றாள்.
வெர்னான் என்னைப் பார்த்தார்.
நான் கடலைப் பார்த்தேன்.

நன்னாரி சர்பத்தில்
டம்ளர் கொள்ளாமல் ஐஸ் கேட்டார் வெர்னான்.
சாவித்திரி அந்த டம்ளரை
இழவு வீட்டுக்கு வந்தவள்போலப் பார்த்தாள்.
அவர் பதினோரு நிமிஷத்தில் சாப்பிட்டு பில் கேட்டார்.
அவர்களோ ஒரு துண்டு நெய்மீனை
ரெண்டு மணி நேரம் தின்றார்கள்,
நடுநடுவே மௌனத்தையும் கடித்துக்கொண்டு.
"இவர்களை எந்தப் பக்கத்தில் எழுத?"
டயான் அம்மா என் காதில் கேட்டாள்.
எழுதாண்டாம் என்றேன்.

இருட்டினபிறகு வெர்னான்
முன்சீட்டுக்கு வந்து உட்கார்ந்தார்.
"என் பேரும் ஒரு ஊர்தான், பிஸ்மார்க்.
பிரான்சில் இருக்கிறது."
போனதுண்டா?
"இல்லை."
நானும் டகோட்டா போனதில்லை என்றேன்.
கலங்கரை விளக்கின் வெளிச்சம்
எங்கள் ரெண்டு பேரையும் ஒருதரம் தடவிவிட்டு
வேலையைப் பார்க்கப் போனது.

"லண்டன் மட்டும்தான் பாக்கி"
பின்னாலிருந்து டைரியின் தாள் புரளும் சத்தம்.
மணவாளக்குறிச்சி வளைவில் வண்டியை ஒதுக்கி
வீட்டுக்கு போன் போட்டேன்.
"எலிசபெத்து,
ரெண்டு பேரைக் கூட்டிட்டு வாறேன், சாயா போடு."

"பாலு திரிஞ்சு போச்சு, கட்டன்தான்.
வரும்போ சீனி வாங்கிட்டு வாரும்."